பிரெஞ்சு பேசினால் மொட்டை

நீ பின்னிக் கொடுத்த கிளிப்பச்சைக் குல்லாவை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கொடுத்த அன்றைக்கே முகத்துக்கு நேராகச் சொன்னேன், இந்த நிறத்தைக் கிளி போட்டுக்கொள்ளும், மனுஷி போட்டுக்கொள்ள மாட்டாள் என்று. நீ கோபித்துக்கொள்ளவில்லை. "வச்சுக்கடி, ஒரு நாள் தேவைப்படும்" என்று என் மேஜை டிராயருக்குள் திணித்துவிட்டுப் போனாய். தேவைப்பட்டுவிட்டது. மழித்த தலையில் ஏரிக்காற்று பட்டால் மண்டைக்கு உள்ளேயே குளிர்கிறது. பழனியில் பூசிக்கொண்ட சந்தனம் காய்ந்து உதிர்ந்து கம்பளி நூலெல்லாம் ஒட்டிக் கிடக்கிறது. கடைக்குள் எப்போதும் அடிக்கும் தைல வாசனையையும் சாக்லேட் வாசனையையும் மீறிக்கொண்டு சந்தனம் மணக்கிறது.

நம் கடை வரிசையில் எல்லோரும் கேட்டாயிற்று. "என்னங்க திடீர்னு மொட்டை, வீட்டுல எல்லாரும் சொகந்தானே?" என்று நம் எதிர்க்கடை வேர்க்கடலைக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டுதல் என்று மட்டும் சொன்னேன். யார் வேண்டியது, என்ன வேண்டியது என்று சொல்ல நாக்கு எழவில்லை. பார், இவ்வளவுக்குப் பிறகும் வெட்கம். இந்தப் பாழாய்ப்போன வெட்கத்தைப் பற்றித்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ உயிரோடு இருந்தபோது, நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் உன் கடை. அப்போது சொல்லவில்லை. இப்போது மடல் எழுதுகிறேன். என் புத்தி எப்போதும் இப்படித்தான், பஸ் போன பிறகு கை காட்டும்.

கொடைக்கானலில் கடை வைத்திருக்கிற எவருக்கும் நாலைந்து பாஷையில் விலை சொல்லத் தெரியும். மலையாளத்தில் இழுத்து, தெலுங்கில் சிரித்து, இந்தியில் அடித்துப் பேசி சாமானைத் தள்ளிவிடுவோம். மற்றவர்களுக்கு அது விலையோடு நின்றுவிடும். எனக்கு நிற்காது. "இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு? அழுதா என்ன சொல்வீங்க? மழை வந்தா என்ன சொல்வீங்க?" என்று வாங்க வந்தவர்களைக் குடைந்துகொண்டிருப்பேன். "யாவாரத்த விட்டுட்டுப் பாடம் படிக்கிறா பாரு" என்று நீ ஸ்வெட்டர்களுக்கு நடுவிலிருந்து கத்துவாய். கன்னடக்காரக் குடும்பம் ஒன்று என் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய் ஒன்றும் வாங்காமல் போன கதையை நீ பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாய்.

பிரெஞ்சு காதில் விழுந்த நாள் உனக்குத் தெரியாது. நீ அன்றைக்குச் சரக்கு எடுக்கத் திருப்பூர் போயிருந்தாய். இரண்டு பெண்கள் என் கடை வாசலில் நின்று சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டு தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஜலதோஷம் பிடித்தவர்கள் மாதிரி பாதி மூக்கால், அடுப்பு ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்துக்கொண்டு. ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் அவர்கள் போன பிறகும் அந்தச் சத்தம் போகவில்லை. வீட்டில் அரிசி களையும்போது உதட்டைக் குவித்து நானும் அதேபோல் ஒரு சத்தம் போட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பல்வலியா என்று கேட்டார்.

அப்புறம்தான் போனில் மொழி சொல்லிக்கொடுக்கிற அந்தச் சமாசாரத்தைப் போட்டுக்கொண்டேன். காசு கேட்காது, திட்டாது, தப்பாய்ச் சொன்னால் லேசாய் ஒரு மணி அடிக்கும், அவ்வளவுதான். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பள்ளிக்கூடத்தில் எனக்கு வாய்த்ததெல்லாம் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்த வாத்தியார்கள். போன் சிரிக்காது. ஆள் வராத மழை மாதங்களில், சால்வையால் தலையை மூடி, அதற்குள் இயர்போனைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். சாக்லேட் டப்பா அட்டைகளைக் கிழித்து அதன் பின்பக்கம் சொற்களை எழுதி, படித்ததும் குப்பையில் போட்டுவிடுவேன். என்னமோ களவாணித்தனம் செய்கிறவள் போல.

நீ கண்டுபிடித்த நாளை நினைத்தால் இந்த மொட்டைத் தலையோடும் சிரிப்பு வருகிறது. ஆடிச் சாரல். எதிரே ஏரி இருக்கிற இடமே தெரியாமல் மஞ்சு மூடிக் கிடந்தது. நான் சால்வைக்குள் உதட்டை அசைத்துக்கொண்டும் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டும் இருந்ததை நீ உன் கடையிலிருந்து எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தாயோ. விறுவிறுவென்று வந்து என் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாய்.

"எவன்டி அவன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எவன்?"

"நடிக்காத. நானும் ஒரு வாரமாப் பாக்குறேன். கல்யாண வயசுல மகன வச்சுக்கிட்டு இந்த வயசுல என்னடி இளிப்பு?" என்று என் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கி உன் காதில் வைத்துக்கொண்டாய். உன் கண் விரிந்தது. "ஆம்பளக் கொரலு! என்னமோ கொஞ்சுறான்! என்னடி சொல்றான்?"

"ஆப்பிள் செவப்பா இருக்குங்கிறான்."

நீ என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாய். "இதுக்கா இந்த இளிப்பு?" என்றாய். பிறகு நாம் சிரித்த சிரிப்பில் வேர்க்கடலைக்காரர் அடுப்பை விட்டு எழுந்து வந்துவிட்டார். அவரிடம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று நான் கையெடுத்துக் கும்பிடாத குறையாக அனுப்பி வைத்தேன். நீ அதைக் கவனித்துவிட்டாய்.

"இத ஏன்டி மறைக்கிற?" என்று கேட்டாய்.

சொன்னேன். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷிலேயே பெயிலான பொம்பளை, சோப்பும் தைலமும் விற்கிறவள், பிரெஞ்சு படிக்கிறாள் என்றால் ஊரே சிரிக்கும். பாஷையில் ஒரு எழுத்துத் தப்பினாலும் எனக்கு உடம்பெல்லாம் கூசும். போனுக்கு முன்னால் தப்புச் செய்தால் பரவாயில்லை, மனுஷருக்கு முன்னால் முடியாது. நான் பேசி முடிக்கும்வரை நீ ஒரு குழந்தைக் குல்லாவைக் கையில் வைத்து அதன் குஞ்சத்தைத் திருகிக்கொண்டிருந்தாய். அன்றைக்குத்தான் உன் பள்ளிக்கூடக் கதையை எனக்குச் சொன்னாய். அத்தனை வருஷப் பழக்கத்தில் அதற்கு முன் சொன்னதே இல்லை.

சிலோனில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து உன் அப்பா உங்களை இங்கே கூட்டிவந்த புதிது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் டீச்சர் கனிவாக, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறார். "தேத்தண்ணி குடிச்சேன்" என்றிருக்கிறாய், உங்கள் ஊரில் டீக்கு அதுதானே பேர். வகுப்பே சிரித்திருக்கிறது. டீச்சரும் சிரித்திருக்கிறார். அன்றிலிருந்து உன் பெயர் தேத்தண்ணி. வரிசையில் நிற்கும்போது தேத்தண்ணி, கண்ணாமூச்சியில் தேத்தண்ணி. "நான் எதக் கதைச்சாலும் சிரிப்பு. அதான் வாய மூடிட்டேன். அஞ்சாப்புக்கு அப்புறம் பள்ளிக்கூடத்துக்கே போகல. வாயி எப்பத் தொறந்துச்சு தெரியுமா, கடைக்கு வந்து, சோத்துக்கு வேணும்னு ஆனதுக்கப்பறம்" என்றாய். நம் வரிசையிலேயே பெரிய வாய்க்காரி நீ. எனக்கு நம்பவே முடியவில்லை. "நீ மூடாத. சிரிக்கிறவன் சிரிச்சுட்டுப் போறான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய்.

இவ்வளவு சொன்னவள் அன்று சாயங்காலத்துக்குள் வரிசை முழுக்கச் சொல்லிவிட்டாய். உனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் நான் ஷட்டரைத் தூக்கும்போதே வேர்க்கடலைக்காரர், "வாங்க பிரெஞ்சு மேடம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் உன் கடை வாசலில் நின்று என்னென்னவோ பேசினேன். வாயில் வரக்கூடாததெல்லாம் வந்தது. அப்புறம் உன்னோடு பேச்சை நிறுத்திவிட்டேன். நீ தினம் காலையில் ஒரு டீயை என் மேஜையில் வைத்துவிட்டுப் போவாய். நான் அதைக் குடிப்பேன், டம்ளரைக் கழுவி உன் வாசலில் வைப்பேன், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கடைசியில் ஒரு நாள் டீயோடு ஒரு ஆப்பிளையும் வைத்தாய். "செவப்பா இருக்கா பாரு" என்றாய். என்ன செய்ய, சிரித்துத் தொலைத்தேன்.

வேண்டுதல் போட்டது அதற்கு அடுத்த மாதம். மழை விட்டு வானம் கழுவிவிட்டது போலிருந்த ஒரு காலை. கடை திறக்குமுன் வெள்ளனே முருகன் கோயிலுக்குப் போனோம். கோயிலுக்குப் பின்னால் நின்றால் கீழே சமவெளியில் பழனி தெரியும் அல்லவா, அன்றைக்கு அத்தனை தெளிவு, மலையும் கோயிலும் உள்ளங்கையில் வைத்த கூழாங்கல் மாதிரி இருந்தது. நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாய். மனசுக்குள் கும்பிடுகிற வழக்கம்தான் உனக்குக் கிடையாதே, எல்லாம் சத்தமாகத்தான்.

"முருகா, இவ ஒரு நாள், ஒரு பிரெஞ்சுக்காரங்ககிட்ட அவங்க பாஷையில வாயத் தொறந்து பேசி, அவங்க இவளுக்கு அதுலயே பதில் சொல்லிட்டா, ஒன் மலைக்கு வந்து மொட்டை போடுறேன்."

உன் முடி என்ன சாதாரண முடியா? இடுப்புக்குக் கீழே, கையில் அடங்காத முடி. ஸ்வெட்டர் வாங்க வருகிற பெண்கள் ஸ்வெட்டரை விட்டுவிட்டு அதைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டு நீ அதை உலர்த்துகிற அழகுக்கே தனி மதிப்பு.

"பைத்தியமாடி ஒனக்கு? என் சோலிக்கு எதுக்கு ஒன் முடி? வேணும்னா என் முடிய வேண்டிக்க" என்றேன்.

"ஒன் எலிவால வாங்கி முருகன் என்னடி பண்ணுவாரு?" என்றாய். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "பெருசாக் குடுத்தாத்தான் பெருசாக் கேக்கலாம்" என்றாய்.

நீ அந்த வேண்டுதலை என்னை முன்னே தள்ளிவிடுகிற கையாக நினைத்துப் போட்டாய். நான் அதை முக்காடாகப் போட்டுக்கொண்டேன். அதன்பின் எப்போது நீ "பேசுடி" என்று பிடித்துத் தள்ளினாலும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. "நான் பேசிட்டா ஒன் முடி போயிருமேடி. அதுக்காகத்தான் பேசாம இருக்கேன்." எவ்வளவு சௌகரியம் பார். பயந்தாங்கொள்ளித்தனத்துக்குப் பாசம் என்று பெயர் வைத்துவிட்டேன். வரிசைக்காரர்கள்கூட நம்பினார்கள், கூட்டாளி முடியைக் காப்பாற்றுகிறாளாம் என்று. நீ நம்பவில்லை. "என் முடி என் தலையில கெடக்கு, ஒனக்கென்ன?" என்பாய். ஆனாலும் மறுபடி மறுபடி சிரித்துக்கொண்டேதான் கேட்டாய்.

இப்படியே மூன்று வருஷம் ஓடிய பிறகு தை மாதம் அந்தப் புருஷன் பெண்டாட்டி வந்தார்களே, அதை நான் எழுதத்தான் வேண்டும். உன் கடையில் மப்ளர் வாங்க வந்தவர்களை எந்த ஊர் என்று விசாரித்திருக்கிறாய். பிரான்ஸ் என்றதும் மப்ளரையும் காசையும் அப்படியே போட்டுவிட்டு அந்த அம்மாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாய். "மை பிரண்ட்! பிரெஞ்சு! ஃபுல் பிரெஞ்சு!" என்று உனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டினாய். பின்னால் வேர்க்கடலைக்காரரும் வேறு இரண்டு கடைக்காரர்களும். அந்த அம்மாள் என்னைப் பார்த்து மலர்ந்து, "போன்ஜூர்" என்றாள்.

ஒரு போன்ஜூர், ஒரு வணக்கம். போனில் ஆயிரம் தரம் சொன்ன சொல். என் வாய்க்குள் அது வந்து நின்றது, பல்லைத் தாண்டவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நான் தப்பாகச் சொல்லி, அவள் புருவத்தைச் சுருக்கி, இவர்கள் சிரித்து, எல்லாம் நடக்குமுன்பே என் காதில் கேட்டுவிட்டது. "குட் மார்னிங் மேடம். ஹோம் மேட் சாக்லேட்" என்றேன். அவள் முகத்தில் இருந்த மலர்ச்சி மரியாதையாக மாறியது. ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றைக்கு நீ என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீ திரும்பி, கூடி நின்றவர்களிடம், "அட, அவங்க ஜெர்மனாம்ல, நாந்தான் தப்பாக் கேட்டுட்டேன். ஜெர்மன்காரங்ககிட்ட இவ எப்படிப் பிரெஞ்சு பேசுவா?" என்றாய். எனக்காகப் பொய் சொன்னாய். கொஞ்சமும் யோசிக்காமல், என் மானம் கீழே விழுமுன் கை நீட்டிப் பிடிக்கிறவள் போல. அப்புறம் என் பக்கம் பார்க்காமலே உன் கடைக்குப் போய், அவர்கள் கலைத்துப்போட்ட மப்ளர்களை மடித்து அடுக்கினாய். அன்று முழுக்க நான் உன் கடைப் பக்கம் தலை திருப்பவில்லை. நிலத்தில் பள்ளம் இருந்தால் இறங்கிப் படுத்திருப்பேன்.

அடுத்த மழைக்குள் உனக்கு மார்பில் கட்டி என்று ஆயிற்று. மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதல் தடவை பார்க்க வந்தபோது உன் கடைக் குல்லா ஒன்றைப் போட்டுக்கொண்டு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாய். அந்த மதுரை வெயிலில் கம்பளிக் குல்லா. நான் அழ ஆரம்பிக்கும்முன் நீயே அதைக் கழற்றிக் காட்டினாய்.

"பாத்தியாடி? முருகனுக்குன்னு வச்சிருந்தேன். ஆஸ்பத்திரிக்காரங்க வாங்கிக்கிட்டாங்க. நீ வெரசாப் பேசியிருந்தா அவருக்காச்சும் போய்ச் சேந்திருக்கும்" என்று சிரித்தாய்.

கேலியாகத்தான் சொன்னாய். என்னைக் குத்த வேண்டும் என்று உனக்கு ஒரு நாளும் தோன்றாது, எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் என் தோலை உரித்து உப்புத் தடவினாற்போல இருந்தது. அந்த முடியைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டுதானே வாயை மூடி வைத்திருந்தேன்! யாருக்கும் ஆகாமல் கொத்துக் கொத்தாய்த் தலையணையில் உதிர்ந்து போயிற்று. இதைவிட வெட்கப்பட மனுஷிக்கு என்ன இருக்கிறது?

"எனக்காச்சும் பேசிக் காட்டுடி" என்றாய். பக்கத்துக் கட்டில்களில் ஆள் இருந்தது. நான் உன் காதோரம் குனிந்து, ஆப்பிள் சிவப்பு, பூனை பால் குடிக்கிறது, என் அத்தை பாரீஸில் இருக்கிறாள் என்று முணுமுணுத்தேன். நீ முகத்தைச் சுளித்தாய். "இது யாருக்குடி வேணும்? ஒருத்தங்களப் பாத்தா மொதல்ல என்ன கேப்போம்? சாப்டீங்களான்னு கேப்போம். அத எப்படிக் கேக்கணும்?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை காலம் படித்தும் அந்தப் போன் அதை எனக்குச் சொல்லித்தரவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. யாரிடமும் பேசுவதாகவே இல்லாதவளுக்கு அது எதற்கு? பஸ்ஸில் ஊர் திரும்பும்போதே தேடிக் கண்டுபிடித்து, அடுத்த வாரம் வந்து உன் காதில் சொன்னேன். "வூஸவே மான்ஜே?"

நீ அதை இரண்டு தரம் வாய்க்குள் மென்று பார்த்தாய். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்து வார்டே அதிர, "வூஸவே மான்ஜே?" என்றாய்! அந்தப் பிள்ளை பயந்துபோய் என்னம்மா செய்யுது என்றது. "சாப்டியான்னு கேட்டேன்மா, பிரெஞ்சுல" என்றாய். அடுத்துத் தரை துடைக்க வந்தவரிடம் கேட்டாய். எதிர்க் கட்டில் பாட்டியிடம் கேட்டாய். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரிடமும் கேட்டாய். தப்பும் தவறுமாய், மதுரைக்கும் சிலோனுக்கும் நடுவில் எங்கேயோ இழுத்துக்கொண்டு. வார்டில் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். அன்றைக்கு உனக்கு என்ன குடிக்க வேண்டும் என்று உன் மகள் கேட்டபோது, "தேத்தண்ணி கொண்டாடி" என்றாய், அதையும் சத்தமாகத்தான். ஆக, நம் இரண்டு பேரில் முதலில் பிரெஞ்சு பேசியது நீ. நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன்.

அதுதான் நீ தெளிவாக இருந்து நான் பார்த்த கடைசித் தடவை. அடுத்து வந்தபோது உனக்கு நினைவு இல்லை.

உன் கடை பூட்டியே கிடக்கிறது. உன் மகள் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு வர முடியாது என்கிறாள். வேறு யாருக்கும் விடவும் மனசில்லை அவளுக்கு. நான் படிப்பை நிறுத்தினேன், பிறகு தொடர்ந்தேன், மறுபடி நிறுத்தினேன். இயர்போனைச் செருகினால் நீ பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டது ஞாபகம் வந்து எரிச்சல் வரும். யார் மேல் எரிச்சல் என்று கேட்காதே.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம், நல்ல மழை. ஒரு வயதான வெள்ளைக்காரி, தனியாக, உன் கடையின் மூடிய ஷட்டருக்கு முன்னால் அந்தப் படியில் வந்து ஒண்டி உட்கார்ந்தாள். பை நனைந்திருந்தது. செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டாள். யாரிடமோ போனில் இரண்டு வார்த்தை பேசி வைத்தாள். மூக்கால், உதட்டைக் குவித்து. நான் அப்போதுதான் தூக்குவாளியைத் திறந்திருந்தேன். சாம்பார் சாதமும், பூண்டி கிராமத்து மலைப்பூண்டு போட்ட ஊறுகாயும். நீ உட்காருகிற படியில் ஒருத்தி பசித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மனுஷியைக் கேட்காமல் எப்படிச் சாப்பிடுவது? நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் பல்லைத் தாண்டியிருக்காது.

"வூஸவே மான்ஜே?" என்றேன். சத்தமாக, நீ இழுத்த அதே இழுவையில்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்டதா என்று சந்தேகப்படுகிறவள் போல என்னையே பார்த்தாள். பிறகு அவள் முகம் நெகிழ்ந்ததே, அதை உனக்கு எப்படிச் சொல்வேன். "நோன் மதாம். பா ஸான்கோர்" என்றாள். இல்லையம்மா, இன்னும் இல்லை.

உள்ளே கூப்பிட்டு வாளி மூடியில் பாதியைப் போட்டுக் கொடுத்தேன். உறைப்பில் மூக்கைச் சிந்திக்கொண்டே சாப்பிட்டாள். நிறையப் பேசினாள். எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. நான் பேசியதில் எத்தனை தப்போ, ஒரு தடவை மழை என்பதற்குப் பதிலாக வேறு என்னவோ சொல்லி அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். தலையில் இடி விழவில்லை. ஏரி வற்றிப்போகவில்லை. மழை விட்டதும் அவள் "மெர்ஸி, மதாம்" என்று நன்றி சொல்லி என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு வாளியைக் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவுதானா? இதற்காகவா அத்தனை வருஷம்? நீ உயிரோடு, முடியோடு, அந்தப் படியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் இந்த ஒரு கேள்வியையா என்னால் கேட்க முடியவில்லை? தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அவள் பதில் சொல்லிவிட்டாள். அப்படியென்றால் வேண்டுதல் பலித்துவிட்டது. போட்டவள் போய்விட்டால் வீட்டில் மிஞ்சியவர்கள் செலுத்த வேண்டும், அதுதானே வழக்கம். உன் மகளிடம் போனில் சொன்னேன். "நான் வர்றேன் சித்தி. அம்மா வேண்டுனத நாந்தான் செய்யணும்" என்றாள். உன் முடி அவளுக்கும் அப்படியே வந்திருக்கிறது. வேண்டாம் என்றேன். "பேசினவ நான். பிந்திப் பேசினவளும் நான். நீ வேலையைப் பாரு" என்றேன். என் வீட்டுக்காரர், "அவங்க வேண்டுனதுக்கு நீ எதுக்கு?" என்று கேட்டதற்கு ஒரு முறை முறைத்தேன், அவ்வளவுதான்.

நேற்று வெள்ளன பஸ்ஸைப் பிடித்தேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பழனியில் முடி எடுக்கிற இடத்தில் நல்ல கூட்டம். காது குத்த வந்த குழந்தைகள் அலறிக்கொண்டிருந்தன. என் முறை வந்ததும் உட்கார்ந்து, பின்னலை அவிழ்த்துவிட்டேன். நீ சொன்ன எலிவால்தான். முடி எடுக்கிறவர் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "ஒங்க வேண்டுதலுங்களா?"

"இல்லண்ணே. என் கூட்டாளி வேண்டிக்கிட்டது."

"அவங்க வரலீங்களா?"

செத்துப்போய்விட்டாள் என்று அந்த இடத்தில் சொல்லக்கூடாது என்று தோன்றியது. பிறகு, நான் நினைத்து வைக்காத ஒன்று வாயிலிருந்து வந்தது. "அவ முன்னாலயே குடுத்துட்டாண்ணே. நாந்தான் பிந்திட்டேன்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, "நல்லாக் குனிங்கம்மா" என்றார்.

குனிந்தேன். முதல் கத்தி வழித்தபோது குளிர்ந்தது. எலிவாலை முருகன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே மணி ஒன்றாகிவிட்டது. தூக்குவாளியைத் திறந்தேன். எதிரில் வேர்க்கடலைக்காரர் மறுபடியும் என் குல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் கேட்க நினைத்ததைக் கேட்காமல் கடலையைக் கிளறினார். வெட்கமாகத்தான் இருந்தது. காது நுனி சூடாவது குல்லாவுக்குள்ளேயே தெரிந்தது. இந்த வெட்கம் என்னோடுதான் கிடக்கும், போகாது, அது எனக்குத் தெரிந்துவிட்டது. இனி அதையும் கூட்டிக்கொண்டுதான் பேசவேண்டும். எழுந்து வாசலுக்கு வந்தேன். "நான் பிரெஞ்சு பேசினா மொட்டை போடுறதா அவ வேண்டியிருந்தாளேண்ணே. பேசிட்டேன். அதான்" என்றேன். அவர் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் பூட்டிய உன் ஷட்டரைப் பார்த்து, வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, உன்னிடம் பிரெஞ்சிலேயே சாப்பிட்டாயா என்று கேட்டேன்.